போர்வைக்குள் ஒரு இன்ஜின்

மார்கழிக் குளிரில் தலையோடு கால் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியவர்களுக்குத் தெரியும். முதலில் போர்வைக்குள் ஒரு சுகமான வெதுவெதுப்பு வரும். கொஞ்ச நேரத்தில் ஒரு மந்தம் வரும். காரணம் வேறொன்றுமில்லை, நாம் விட்ட மூச்சையே நாம் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறோம். அதில் ஆக்ஸிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். 'மூஞ்சிய மூடாதடா' என்று பாட்டிகள் நடுராத்திரியில் வந்து போர்வையை இழுத்துவிட்டதெல்லாம் இதற்காகத்தான்.

டீசல் இன்ஜினுக்கும் இப்படி ஒரு போர்வையைப் போர்த்தியிருக்கிறார்கள். பெயர் இ.ஜி.ஆர். விரித்துச் சொன்னால் எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்குலேஷன். புகைக்குழாய் வழியாக வெளியே போக வேண்டிய புகையில் ஒரு பங்கை வழிமறித்து, திரும்ப இன்ஜினின் வாய்க்கே அனுப்பி வைக்கிற ஏற்பாடு. இன்று ரோட்டில் ஓடும் டீசல் கார்களில் பெரும்பாலானவற்றின் பானெட்டுக்குள் இது இருக்கிறது. உங்கள் காரிலும் இருக்கலாம். இருந்து, யாராவது அதன் கழுத்தை நெரித்தும் இருக்கலாம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மிச்சம் மீதி டீசலை மறுபடி எரித்து மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். மீந்த ரசத்தைச் சுட வைத்துச் சாப்பிடுவது போல. அதுவல்ல விஷயம். இன்ஜினை வேண்டுமென்றே கொஞ்சம் மந்தமாக்குவதுதான் நோக்கம். நன்றாக எரிகிற இன்ஜினை எதற்கு மந்தமாக்க வேண்டும்? ரொம்ப நன்றாக எரிவதுதான் பிரச்னை.

நம்மைச் சுற்றியிருக்கும் காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன். பரம சாது. யாரோடும் சேராது, யார் வம்புக்கும் போகாது. ஆபீஸில் இருபது வருஷமாக ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும் சில பேர் மாதிரி. ஆனால் சாது மிரண்டால் என்ன ஆகும் என்று பழமொழியே இருக்கிறது. டீசல் இன்ஜின் சிலிண்டருக்குள் எரிகிற சுடரின் சூடு 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சுமார் 1,500 டிகிரிக்கு மேல் போய்விட்டாலே நைட்ரஜன் தன் விரதத்தைக் கலைத்துவிட்டு ஆக்ஸிஜனோடு கை கோத்துக்கொள்கிறது. அதற்கு மேல் சூடு ஏற ஏற, விளைச்சல் தாறுமாறாகக் கூடுகிறது. இந்த ரசாயனக் கணக்கை 1940-களில் போட்டுக் காட்டியவர் சோவியத் விஞ்ஞானி யாகவ் ஸெல்டோவிச். (பிற்பாடு அணுகுண்டுப் பக்கம் போய்விட்டார். சூட்டைப் பற்றி நன்றாகத் தெரிந்த மனுஷன்.)

அப்படிப் பிறப்பவைதான் நைட்ரஜன் ஆக்ஸைடுகள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் செல்லமாக 'நாக்ஸ்' என்பார்கள். கவனியுங்கள், இது டீசலிலிருந்து வருவதில்லை. காற்றிலிருந்தே வருகிறது. கலப்படமே இல்லாத டீசல் போட்டாலும் வரும்.

வந்தால் என்ன? இதற்கு விடை கண்டுபிடித்தவர் அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பேராசிரியர். ஹாலந்தில் பிறந்து அமெரிக்காவின் கால்டெக்கில் வேலை பார்த்த ஆரி ஹாகன்-ஸ்மித். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை அப்போது ஒரு மர்மப் புகைமூட்டம் வாட்டிக்கொண்டிருந்தது. கண் எரியும், தொண்டை கரிக்கும், பயிர்களின் இலை கருகும். அன்னாசியை ஓரமாக வைத்துவிட்டு இந்தக் காற்றை எடுத்து ஆராய்ந்தார் ஹாகன்-ஸ்மித். 1950 வாக்கில், வண்டிப் புகையிலும் எண்ணெய் ஆலைகளிலும் இருந்து வருகிற நாக்ஸும் ஹைட்ரோகார்பன்களும் வெயிலில் வெந்து ஓசோனாக மாறுவதுதான் காரணம் என்று சொன்னார். ஓசோன் உயரே வானத்தில் இருந்தால் குடை. நம் மூக்குக்கு நேரே இருந்தால் விஷம். நாக்ஸ் தன் பங்குக்கு நேரடியாகவும் நுரையீரலைப் பதம் பார்க்கும். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. போதாததற்கு, காற்றில் போய் நுண்துகளாகவும் மாறிக்கொள்ளும்.

பெட்ரோல் காரில் இந்த நாக்ஸை புகைக்குழாயிலேயே ஒரு கேட்டலிடிக் கன்வர்ட்டர் வைத்துப் பிடித்துவிடலாம். டீசலில் அந்த வித்தை பலிக்காது. டீசல் இன்ஜின் எப்போதும் தேவைக்கு அதிகமான காற்றோடுதான் எரிகிறது. புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிற வரை அந்த கன்வர்ட்டர் நாக்ஸைக் கலைக்காது. ஆகவே பிறந்த பிறகு பிடிப்பதைவிட, பிறக்கவிடாமல் செய்வதே புத்திசாலித்தனம் என்று வந்ததுதான் இ.ஜி.ஆர்.

வேலை செய்கிற விதம் எளிமையானது. புகைக்குழாயிலிருந்து ஒரு கிளைக்குழாய் பிரியும். அதன் வழியே வரும் நெருப்புப் புகையை ரேடியேட்டர் தண்ணீரைச் சுற்றவிட்டு ஆற வைப்பார்கள். பிறகு ஒரு வால்வு. அந்த வால்வை எப்போது எவ்வளவு திறப்பது என்று காரின் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். சிக்னலில் நிற்கும்போது, மெதுவாக உருளும்போது இன்ஜின் இழுக்கிற காற்றில் சில சமயம் பாதி வரை பழைய புகையாகவே இருக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் வால்வு மூடிக்கொள்ளும். சிலிண்டருக்குள் போன பழைய புகையில் ஆக்ஸிஜன் குறைவு. அதிலிருக்கும் கரியமில வாயுவும் நீராவியும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பொங்குகிற பாலில் ஒரு கை தண்ணீர் தெளித்த மாதிரி சுடரின் உச்சச் சூடு இறங்கும். நாக்ஸ் பாதிக்குப் பாதி, சமயத்தில் அதற்கு மேலும் குறையும். மருந்தில்லை, மாத்திரையில்லை. தன் புகையைத் தனக்கே கொடுத்து ஆற வைக்கிற வைத்தியம்.

இங்கேதான் நான் பி.காம். படித்த புத்தி வேலை செய்கிறது. இரட்டைப் பதிவு முறை என்று முதல் வருஷமே சொல்லித் தந்துவிடுவார்கள். எந்த வரவும் சும்மா வராது, எங்கோ ஒரு பற்று எழுதியாக வேண்டும். 1494-இல் இத்தாலியத் துறவி லூகா பச்சோலி புத்தகமாகப் போட்ட சமாசாரம், இன்ஜினுக்கும் பொருந்துகிறது. நாக்ஸ் குறைந்தது வரவு. ஆக்ஸிஜன் குறைந்ததால் டீசல் முழுக்க எரியாமல் கரி கூடுவது பற்று. போர்வையை இழுத்து மூடினால் கரி, விலக்கினால் நாக்ஸ். அந்தக் கரி, இன்ஜினிலிருந்து வரும் ஆயில் ஆவியோடு குழைந்து, தார் மாதிரி வால்விலும் காற்றுக் குழாயிலும் படியும். டவுனுக்குள் இரண்டாவது கியரிலேயே ஆயுசைக் கழிக்கும் வண்டிகளில் சீக்கிரம் படியும். ஒரு நாள் வால்வு பாதி திறந்தபடியே ஒட்டிக்கொள்ளும். பிக்கப் போய்விடும், கறுப்புப் புகை கக்கும், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

இந்தக் கணக்கில் இன்னொரு கோணலும் இருக்கிறது. பற்று யார் தலையில்? வண்டிக்காரன் தலையில். வால்வைச் சுத்தம் பண்ண அவன் காசு, குறைகிற இழுவை அவன் இழுவை. வரவு யாருக்கு? சிக்னலில் பக்கத்தில் சைக்கிளில் நிற்பவருக்கு. ரோட்டோரப் பள்ளிக்கூடத்தில் தரைத்தளத்தில் இரண்டாம் வகுப்பு படிக்கிற குழந்தைக்கு. அவர்களுக்கோ ஏதோ கிடைத்தது என்பதே தெரியாது. நாக்ஸ் கண்ணுக்குத் தெரிகிற புகை இல்லையே. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து இல்லாத வவுச்சர் இது. எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

*

இனி அந்தக் கழுத்தை நெரித்த கதை.

2019-இல் நான் ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் கார் வாங்கினேன். 2014 மாடல், பி.எஸ்.-4. விற்றுக்கொடுத்த புரோக்கர் வண்டியைவிட அதன் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழைத்தான் பெருமையாகக் காட்டினார். "பாருங்க சார், புகை அளவு 0.38. பி.எஸ்.-4 டீசலுக்கு 1.62 வரைக்கும் விடலாம். இது டீசல் வண்டியா பெட்ரோல் வண்டியான்னு உங்களுக்கே சந்தேகம் வந்துடும்." பிக்கப்பும் அருமை. மேம்பாலம் ஏறுவது தெரியாது.

சில மாதம் கழித்து கூலண்ட் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. வில்லிவாக்கத்தில் எனக்கு வழக்கமாக ஒரு மெக்கானிக் உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அம்பாஸடர் காலத்திலிருந்து கை கறுத்தவர். வண்டியை விட்டுவிட்டு வந்த அன்று மாலையே போன் செய்தார்.

"சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க. உங்க வண்டி ஒரு நகை போட்டிருக்கு."

போனேன். கறுப்புத் துணியில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு தகடு. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. இரண்டு பக்கமும் போல்ட்டுக்கு ஓட்டை. நடுவில் பொட்டு மாதிரி இன்னொரு ஓட்டை.

"இ.ஜி.ஆர். குழாயில வெச்சு அடைச்சிருக்காங்க சார். முன்னாடி வெச்சிருந்தவர் வேலையா இருக்கும்."

"நடுவுல ஓட்டை எதுக்குண்ணே?"

"மொத்தமா அடைச்சா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு லைட் போட்டுடும். இப்படி மூக்குத்தி அளவுக்கு ஒரு ஓட்டை விட்டா அதுக்குச் சந்தேகம் வராது." தகட்டைத் திரும்ப வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கான் சார்." ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியை மெச்சுகிற தொனி.

அவரை நான் வில்லனாக்க மாட்டேன். எதற்காக அடைக்கிறார்கள் என்று அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வால்வு ஒட்டிக்கொண்டு வருகிறவரிடம் கம்பெனி சர்வீஸில் புதுசு மாற்றச் சொல்கிறார்கள். பில் ஐந்து இலக்கத்தில் வரும். தகடு இருநூறு ரூபாய். போட்ட பிறகு காற்றுக் குழாய் சுத்தமாக இருக்கும், டவுனில் பிக்கப் கூடும், மறுபடி அந்தப் பக்கம் போகவே வேண்டாம். "கணக்கு தெரிஞ்சவங்க, நீங்களே சொல்லுங்க சார்" என்றார். கணக்குப்படி அவர் சொல்வது சரி. வண்டிக்காரனின் பேரேட்டை மட்டும் பார்த்தால்.

எனக்கு உறைத்தது வேறொன்று. அந்த 0.38.

நம் ஊரில் டீசல் வண்டிக்கு மாசுச் சோதனை என்றால் ஆக்ஸிலரேட்டரை உறுமவிட்டு, குழாயில் ஒரு கருவியைச் செருகி, புகை வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்று பார்ப்பார்கள். அதாவது கரியை. நாக்ஸை அளப்பதே இல்லை. இ.ஜி.ஆரை அடைத்தால் என்ன ஆகும்? போர்வை விலகும். ஆக்ஸிஜன் தாராளம். கரி குறையும், நாக்ஸ் எகிறும். ஆக, அடைத்த வண்டி சோதனையில் அடைக்காத வண்டியைவிட நல்ல மார்க் வாங்கிவிடும்! புரோக்கர் பெருமையாகக் காட்டிய சான்றிதழ், வண்டி சுத்தம் என்பதற்கு மட்டுமல்ல, தகட்டுக்கும் சாட்சியாக இருந்திருக்கலாம். பாவம், அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

*

இது ஏதோ ஷெட்டுகளில் நடக்கிற சில்லறை வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இதே தகட்டை உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று, இரும்பில் செய்யாமல் சாஃப்ட்வேரில் செய்தது.

2013-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் குழு, டீசல் கார்களின் பின்பக்கம் கருவிகளை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவில் நிஜ ரோட்டில் ஓட்டிப் பார்த்தது. அதுவரை சோதனை என்றால் கூடத்துக்குள், உருளைகள் மேல் சக்கரத்தை ஓடவிட்டு அளப்பதுதான். தலைவர் டான் கார்டர். உடன் போனவர்களில் இருவர் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா. எந்தத் திசையிலிருந்து போனவர்கள் என்று பெயரே சொல்லும். ஒரு காரை லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார்கள். கருவிகளுக்குக் கரன்ட் கொடுக்க ஜெனரேட்டரைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு, அது வழியில் படுத்துக்கொள்ள, ரிப்பேர் பண்ணிக்கொண்டு... நம் ஊர்க் கல்யாண வீட்டு லைட்டிங்காரர்களின் கஷ்டமெல்லாம் பட்டிருக்கிறார்கள்.

யாரையும் கையும் களவுமாகப் பிடிக்க அவர்கள் கிளம்பவில்லை. அமெரிக்காவில் சட்டம் கடுமை, அதனால் கார்கள் சுத்தமாக இருக்கும், அதை ஐரோப்பாவுக்குக் காட்டலாம் என்பதுதான் எண்ணம். வந்த எண்களைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். ஃபோக்ஸ்வாகன் ஜெட்டாவில் அனுமதித்த அளவைப்போல் 15 முதல் 35 மடங்கு நாக்ஸ். பஸாத்தில் 5 முதல் 20 மடங்கு. கூடவே சோதித்த பி.எம்.டபிள்யூ காரோ பெரும்பாலும் ஒழுங்கு. அப்படியானால் கருவியில் கோளாறு இல்லை.

கலிஃபோர்னியாவின் காற்றுவள வாரியம் (நம் அன்னாசிப் பேராசிரியர்தான் 1968-இல் அதன் முதல் தலைவர்) விடாமல் குடைந்தது. புது மாடல்களுக்கு அனுமதி தர மாட்டோம் என்று கழுத்தில் கத்தி வைத்த பிறகுதான் உண்மை வந்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு நோட்டீஸை வெளியிட்டது. ஸ்டீரிங் எந்த நிலையில் இருக்கிறது, வேகம் எப்படி மாறுகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்றெல்லாம் பார்த்து, 'ஓஹோ, நம்மைச் சோதிக்கிறார்கள்' என்று கார் தெரிந்துகொள்ளும். உடனே நல்ல பிள்ளையாகிவிடும். ரோட்டுக்கு வந்ததும் பழைய குருடி. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்கள்.

ஜெர்மனியின் உச்சபட்ச சிவில் நீதிமன்றம் 2020 மே 25 அன்று தந்த தீர்ப்பில் அந்த வித்தை சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு நிலைகள். சோதனை நிலையில் அதிகப் புகையைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பும். ரோட்டு நிலையில் குறைத்துவிடும். எங்கள் வில்லிவாக்கத்துத் தகடு ஒரு முறை போல்ட் போட்டால் போட்டதுதான். அவர்களுடையது ஆளைப் பார்த்துத் தானே ஏறி இறங்குகிற தகடு.

ஏன் செய்தார்கள் என்று பார்த்தால் அதே பற்று வரவுதான். 2012 வாக்கில் அமெரிக்காவில் ஓடிய சில கார்களில் பாகங்கள் கெட்டுப்போக ஆரம்பித்தன. ரோட்டு நிலைக்கு மாறாமல் சோதனை நிலையிலேயே அதிக நேரம் ஓடி, புகைப் பாகங்களுக்குத் தாங்க முடியாத சுமை வந்திருக்கும் என்று அவர்களுடைய இன்ஜினியர்கள் சந்தேகப்பட்டார்கள். அதாவது, கார் யோக்கியமாக இருந்ததால் கெட்டுப்போயிற்று! அதற்கு அவர்கள் கண்ட பரிகாரம், ஸ்டீரிங்கைக் கவனித்து ஏமாற்றை இன்னும் துல்லியமாக்கியது. அமெரிக்க வழக்கில் கம்பெனி ஒப்புக்கொண்ட விவரம் இது. கதாசிரியர் யாராவது எழுதியிருந்தால் நம்ப மாட்டோம்.

அபராதம், இழப்பீடு, வக்கீல் செலவு எல்லாமாக 3,000 கோடி யூரோவுக்கு மேல் போயிற்று. இங்கேயும் 2015 டிசம்பரில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாக அறிவித்தார்கள். 2019 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட, கம்பெனி உச்ச நீதிமன்றம் போய், கட்டாய நடவடிக்கை எடுக்க மே மாதம் தடை வாங்கியது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. ஐரோப்பாவில் அந்த ஏமாற்று சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புது சாஃப்ட்வேர் போட்டார்களே, அதிலும் ஒரு ஜன்னல் இருந்தது. வெளியே 15 டிகிரியிலிருந்து 33 டிகிரி வரை இருந்தால்தான் இ.ஜி.ஆர். முழுசாக வேலை செய்யும். 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் போனாலும் குறைந்துவிடும். இன்ஜினைப் பாதுகாக்கத்தான் என்றார்கள். ஆஸ்திரியா மாதிரி மலையும் குளிருமான ஊரில் வருஷத்தில் பாதி நாள் 15 டிகிரியைப் பார்க்கவே முடியாதே, இதுவும் ஏமாற்றுக் கருவிதான் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. இதைப் படித்தபோது நான் சென்னை வெயிலை நினைத்துக்கொண்டேன். அந்த ஜன்னலை அப்படியே இங்கே பொருத்தினால் சித்திரை வைகாசியில் பகல் முழுக்க இ.ஜி.ஆருக்கு லீவுதான். மழைக்காலத்திலும் மார்கழியிலும் வந்து கையெழுத்துப் போட்டால் போதும்.

யோக்கியமாக முயற்சி செய்தவர்களுக்கும் இந்தப் போர்வை ஓர் அளவுக்கு மேல் நீளவில்லை. 2010-இல் அமெரிக்காவில் லாரிகளுக்கு நாக்ஸ் வரம்பு சுருங்கியபோது மற்றவர்கள் யூரியாக் கரைசலைப் புகையில் தெளித்து நாக்ஸை உடைக்கும் முறைக்குப் போனார்கள். நாவிஸ்டார் கம்பெனி மட்டும் எங்களுக்கு இ.ஜி.ஆரே போதும் என்று பிடிவாதம் பிடித்தது. 2012-இல் கையைத் தூக்கிவிட்டது. நம் சென்னை அசோக் லேலண்ட், 2017-இல் நாடு முழுக்க பி.எஸ்.-4 வந்தபோது, யூரியா தேவையில்லாத 'ஐ-இ.ஜி.ஆர்.' லாரிகளைக் கொண்டுவந்தது. டீசல் பங்க்கைத் தாண்டி யூரியாவுக்கு வேறு அலைய வேண்டுமா என்றிருந்த லாரிக்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்ததும் அவர்களும் யூரியாவைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கார்களுக்கு நாக்ஸ் வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கிவிட்டது. 2023 ஏப்ரலிலிருந்து புது கார்களை இங்கேயும், மேற்கு வர்ஜீனியாக்காரர்கள் செய்த மாதிரி, நிஜ ரோட்டில் ஓட்டி அளக்கிறார்கள்.

ஷோரூமை விட்டு வெளியே வந்த பிறகு? யூரியா ஊற்றாமலே ஊற்றியதாகக் கம்ப்யூட்டரை நம்ப வைக்கிற குட்டிப் பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன. தகட்டின் அடுத்த தலைமுறை.

*

மெக்கானிக் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

"கூலண்ட் லீக்கை முடிச்சிட்டேன் சார். இதைத் திரும்பப் போட்டுடட்டுமா?"

போடுங்கள் என்றால் ஐந்து நிமிஷ வேலை. செலவில்லை. மேம்பாலம் ஏறுவது முன்போலத் தெரியாது. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அரசாங்கம் தருகிற சான்றிதழே என் பக்கம்.

கையெழுத்துப் போடாத அந்தப் பயனாளியை எங்கே போய்த் தேடுவது என்று யோசித்தேன். ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் அடுக்ககத்தின் வாசலில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கிறது. கணவனும் மனைவியுமாகக் காலை ஏழு மணிக்கே கரியை ஊதிப் பற்ற வைத்துவிடுவார்கள். வெளியே போகிற, உள்ளே வருகிற ஒவ்வொரு வண்டியும் கேட்டுக்காக அவர்கள் பக்கத்தில்தான் உறுமிக்கொண்டு நிற்கும். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே இழுப்பு உண்டு. முந்தானைக்குள்ளிருந்து இன்ஹேலர் எடுத்து உறிஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். என் கார் ஒன்றால்தான் அவருக்கு இழுப்பு என்று சொல்ல மாட்டேன். கரி அடுப்பும் இருக்கிறது, அறுபது வீட்டு வண்டிகளும் இருக்கின்றன. ஆனால் அந்த அறுபதில் ஒன்றின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"வேண்டாம்ணே. எடுத்துடுங்க."

"எடுத்தா வால்வைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும் சார். உள்ள கல்லு மாதிரி இருக்கும். கூலரையும் அலசணும். ஆறாயிரம், ஏழாயிரம் ஆகும். பிக்கப் இப்ப இருக்கிற மாதிரி இருக்காது."

"பரவால்ல."

"ரோட்டுல போற ஒருத்தனும் உங்களுக்கு நன்றி சொல்லப் போறதில்ல சார்."

"தெரியும்ணே."

சிரித்தார். கிண்டலா என்று தெரியவில்லை. இரண்டு நாள் ஊறப்போட்டுச் சுரண்டினார். வால்விலிருந்து வந்த கரியை ஒரு டீ டம்ளரில் சேர்த்து வைத்திருந்து காட்டினார், அரை டம்ளருக்கு மேல். பில் ஆறாயிரத்து எண்ணூறு. கிளம்பும்போது பார்த்தேன், தகட்டைத் தூக்கிப் போடாமல் துடைத்து மேஜை டிராயரில் வைத்துக்கொண்டிருந்தார்.

"யாருக்காவது ஆகும் சார்" என்றார்.

அந்த வருஷ மாசுச் சான்றிதழுக்கு வழக்கமான பெட்ரோல் பங்க்குக்குத்தான் போனேன். ஒல்லியாக ஒரு பையன். கருவியைச் செருகி, ஆக்ஸிலரேட்டரை உறுமவிட்டு, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். பழைய சீட்டையும் வாங்கிப் பார்த்தான். 0.38 இருந்த இடத்தில் இப்போது 0.91.

"பாஸ்தான் சார். ஆனா போன தடவைய விட ரொம்பக் கூடியிருக்கு" என்றான் அக்கறையாக. "வண்டியை யாரோ கெடுத்து வெச்சிருக்காங்க. நல்ல மெக்கானிக்கா பார்த்துக் காட்டுங்க."